பத்தொன்பதில் நின்ற எண்

என் நண்பனுக்குப் பேச்சு போனது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்மா தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பியவன், ஷட்டரைத் தூக்கக் குனிந்திருக்கிறான். பாதி தூக்கிய ஷட்டரைப் பிடித்தபடியே சரிந்து படியில் உட்கார்ந்துவிட்டானாம். பக்கத்து வளையல் கடைக்காரர் ஓடிவந்து, "என்ன பாய், என்ன செய்யுது?" என்று கேட்டதற்கு அவரைப் பார்த்து "இந்தா" என்றிருக்கிறான். மறுபடி கேட்டபோதும் "இந்தா". எதையோ கொடுக்கிறான் என்று நினைத்து அவர் அவன் கையைப் பார்த்திருக்கிறார். கையில் ஒன்றும் இல்லை. வலது கை துவண்டு தொடைமேல் கிடந்தது.

அதற்குப் பிறகு அவனிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, பேச்சுக்கான இடம் அது என்று டாக்டர் சொன்னார். "நீங்க பேசுறது அவருக்குக் கொஞ்சம் புரியும். பதில் வராது. எழுதியும் காட்ட முடியாது. பழக்கப் பழக்க வரலாம், வராமலும் போகலாம்." பசித்தால் இந்தா, வலித்தால் இந்தா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்ததும் ஒரு பக்கம் கோணிய வாயோடு அழுதுகொண்டே இந்தா, இந்தா என்றான். நான் அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "சரிடா, சரிடா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்குச் சரி என்று எனக்கே தெரியாது.

அவனை எனக்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகத் தெரியும். நான் மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். படிப்பு முடிந்ததும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே எனக்கு முன்பே இருந்தவன் அவன். பழைய நகரத்தில் தொப்பி, கைலி, அத்தர் விற்கும் கடைக்காரக் குடும்பம். கடையில் உட்கார மாட்டேன், கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று அப்பாவிடம், அவன் சொல்வதானால் அத்தாவிடம், மல்லுக்கட்டி வந்திருந்தான்.

நான் சேர்ந்த வருஷம் பெருநாளைக்கு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். பெரிய தட்டில் பிரியாணியைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். நான் எனக்குத் தனியாக இலை போடுவார்கள் என்று சுவர் ஓரமாக நின்றேன். எங்கள் ஊரில் எனக்குப் பழகியது அதுதான். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எங்க போற மாப்ள? உக்காரு, கைய வையி." அவன் அத்தா ஒரு கறித்துண்டை என் பக்கமாகத் தள்ளிவிட்டார். அதைப்பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. நானும் அவனிடம் ஒருநாளும் பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

சென்டரை மூடியபோது எனக்கு ஒரு தனியார் கல்லூரியின் லேபில் வேலை கிடைத்தது. அவன் அத்தா காலமானதால் கடைக்கே போய்விட்டான். போகும்போது சென்டரில் ஒதுக்கிப்போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். ஹார்ட் டிஸ்க் இல்லாத மிஷின் அது. எதைச் செய்வதென்றாலும் பிளாப்பி போட்டுத்தான் செய்ய வேண்டும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். மூடியைக் கழற்றித் தூசி தட்டுவோம். ஏதாவது ஒரு பழைய பாடத்தை ஓட்டிப்பார்ப்போம். என் வீட்டிலும் இரண்டு மூன்று பழைய மிஷின்கள் சேர்ந்திருந்தன. வயதான இரண்டு ஆண்கள் உதவாத பொருளை வைத்துக்கொண்டு அரைநாள் சிரித்துப் பேசுவதை எங்கள் மனைவிமார் பார்த்துச் சலித்துப்போயிருந்தார்கள்.

பிறகு அந்த மிஷினின் பிளாப்பி டிரைவ் செத்துவிட்டது. இப்போது அதற்குப் பதிலாக ஒரு பெட்டி வருகிறது என்று நான் அவனிடம் சொன்னேன். பிளாப்பி டிரைவை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதைப் பொருத்திவிடலாம். முன்னால் பென் டிரைவ் செருக ஒரு துளை, இரண்டு பட்டன், சிவப்பில் ஒரு எண். பழைய பிளாப்பிகளை எல்லாம் பென் டிரைவுக்குள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பட்டனை அமுக்கி எண்ணை மாற்றினால் வேறு பிளாப்பியைப் போட்ட மாதிரி. கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது.

அவனுக்குப் பிடிக்கவில்லை. "கம்ப்யூட்டருக்குத் தெரியாது மாப்ள, எனக்குத் தெரியுமே. பிளாப்பின்னா உள்ள போட்டதும் கர்ர், கட்கட்னு ஒரு சத்தம் வரணும். இது ஊமைப் பெட்டி."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. மிஷின் அலமாரியில் துணி போர்த்திக் கிடந்தது. அடுத்த சில மாதங்களில்தான் அவனுக்கு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் கழித்து அவன் மனைவி எனக்குப் போன் செய்தது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். நான் தங்கச்சி என்பேன். ஒரே மகன் துபாயில் வேலையில் இருந்ததால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"அண்ணே, சுவரப் பிடிச்சுப் பிடிச்சு அந்த அலமாரிகிட்டப் போயி நிக்கிறாரு. துணிய உருவிப் போடுறாரு. மிஷினத் தட்டித் தட்டி இந்தா இந்தாங்கிறாரு. ஒருவாட்டி அத ஓட விட்டுத் தர முடியுமாண்ணே? மனசு கெடந்து அடிச்சுக்குது போல."

நான் அந்தப் பெட்டியை ஆன்லைனில் வரவழைத்தேன். அவன் வைத்திருந்த பிளாப்பிகளை வீட்டுக்கு எடுத்துவந்து, என்னிடம் வேலைசெய்த ஒரு டிரைவில் ஒவ்வொன்றாகப் போட்டு நகல் எடுத்தேன். ஒரு டப்பா நிறைய இருந்தும் முக்கால்வாசியில் பூஞ்சை ஏறிப்போயிருந்தது. தேறியது கொஞ்சம்தான். நாங்கள் பிள்ளைகளுக்கு எழுதிய பாடங்கள், டைப்பிங் பழகும் புரோகிராம், இரண்டு விளையாட்டுகள். தேறியவற்றைப் பூஜ்யம் முதல் வரிசையாக எண் போட்டு பென் டிரைவில் ஏற்றினேன். கடைசி எண்ணுக்குப் போய்விட்டால் திரும்பச் சுற்றி முதலுக்கு வராமல் அங்கேயே நின்றுவிடும்படி அமைத்தேன். சுற்றிச் சுற்றி வந்தால் அவன் குழம்பிப்போவான் என்று நினைத்தேன். ஊமைப் பெட்டி என்று அவன் சொன்னது காதிலேயே இருந்ததால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கி அதில் பற்றவைத்தேன். டிரைவ் ஓடுவது போல அது கட்கட் என்று சத்தம் கொடுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டில் மிஷினை மேஜைமேல் இறக்கி அதைப் பொருத்தினேன். அவன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து என் ஸ்க்ரூ டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவிட்சைப் போட்டேன். கட்கட் என்றது. திரையில் பச்சைக் கோடு ஒன்று கண் சிமிட்டியது. அவன் தலையைச் சாய்த்துக் காதை மிஷின் பக்கம் கொண்டுபோனான். பிறகு இடது கையின் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி மூன்று எழுத்து அடித்தான். டி, ஐ, ஆர். என்டர் கீயையும் அமுக்கினான். உள்ளே என்னென்ன இருக்கிறது காட்டு என்று கம்ப்யூட்டரிடம் கேட்கும் கட்டளை அது. நாங்கள் முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. பட்டியல் வரிசையாகக் கீழே இறங்கியது.

எழுத்தே வராது என்று டாக்டர் சொன்னவன்.

அவன் மனைவி ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்து திரையைப் பார்த்தது. "எழுதுறாரா? அண்ணே, எழுதுறாரா?"

"ஆமா தங்கச்சி."

"என்னண்ணே எழுதியிருக்காரு?"

நான் விளக்குவதற்குள் தங்கச்சி அவன் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டது. "எம் பேர அடிங்க பாப்போம். எம் பேரு. இதுல அடிங்க."

அவன் மனைவியின் முகத்தையே பார்த்தான். பிறகு கீபோர்டைப் பார்த்தான். விரல் கொஞ்ச நேரம் எழுத்துகளுக்கு மேலே அலைந்தது. டி, ஐ, ஆர் என்று அடித்தான்.

"மகன் பேரு? சின்னப் பேருதான. அடிங்க."

இப்போது திரையைத் துடைக்கும் கட்டளையை அடித்தான். பட்டியல் போய்த் திரை கறுப்பானது. உடனே மறுபடியும் டிஐஆர்.

"அதுக்கு என்னண்ணே அர்த்தம்?"

சொன்னேன். தங்கச்சி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. "மிஷினுகிட்டப் பேசுறதுக்கு வார்த்த இருக்கு" என்றது மெதுவாக. "எங்கிட்டப் பேசுறதுக்குத்தான் இல்ல." அப்புறம் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டது. குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது.

இதற்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. லேபில் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து அவனுக்காகவே ஒரு பிளாப்பி தயாரித்தேன். அதை ஓட்டினால் திரையில் கோட்டுப் படங்கள் வரும். தம்ளர், சோற்றுத் தட்டு, கட்டில், போன். ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண் இருக்கும். எது வேண்டுமோ அந்த எண்ணை அமுக்கினால் போதும். அதைப் பென் டிரைவில் எல்லாவற்றுக்கும் கடைசியில் சேர்த்தேன். அதன் எண் பத்தொன்பது.

அவனிடம் அது எடுபடவில்லை. பல ஞாயிறுகள் உட்கார்ந்து காட்டினேன். தம்ளர் படத்தைத் தொட்டுக் காட்டி, தண்ணீர்த் தம்ளரைக் கையில் கொடுத்து, எண்ணை அமுக்கிக் காட்டி... அவன் பணிவாகப் பார்ப்பான். பிறகு என் கையை மெல்ல விலக்கிவிட்டு டிஐஆர் அடிப்பான். கடைசியில் ஒருநாள் கீபோர்டை அறைந்துவிட்டு, "இந்தா!" என்று கத்தினான். அவன் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதோடு விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் என் போக்குவரத்தும் குறைந்தது. காரணம் கேட்டால் லேபில் வேலை, மகளுக்குப் பரீட்சை என்று சொல்லலாம். உண்மையில் அந்த வீட்டு அமைதி என்னால் தாங்க முடியவில்லை. தங்கச்சி நல்ல வாயாடி. முன்பெல்லாம் அவன் ஒரு வாக்கியம் சொன்னால் அது நாலு சொல்லும். இப்போது அந்த வீட்டில் காதில் விழுந்ததெல்லாம் "வாயத் தொறங்க", "கைய நீட்டுங்க", "காலத் தூக்குங்க" மட்டும்தான். பதில் வராத ஆளிடம் எம்புட்டு நாளைக்குத்தான் ஒருவர் பேசிக்கொண்டிருக்க முடியும்?

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் போயிருந்தேன். வாசலிலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. உள்ளே தங்கச்சி யாருடனோ கலகலவென்று பேசிக்கொண்டிருந்தது. விருந்தாளி வந்திருப்பார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினேன். விருந்தாளி யாரும் இல்லை. அவன் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தங்கச்சி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே, வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. இவரு என்ன பண்றாருன்னு பாருங்க."

அவன் எழுத்து அடிப்பதைக்கூட விட்டிருந்தான். பெட்டியின் பட்டனை இடது கைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தான். அமுக்க அமுக்கச் சிவப்பு எண் ஏறியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் கட்கட் என்று சத்தம். பத்தொன்பது வந்ததும் கையை எடுத்துவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தான். கோணல் சிரிப்பு.

"பாத்தீங்களா? தெனமும் சாயங்காலம் இப்பிடித்தான். எங்கெங்கயோ போவாரு, கடைசில பத்தொம்பதுல வந்து நிறுத்துவாரு. என்னன்னு தெரியுதாண்ணே? நாங்க கலியாணம் முடிச்சு மொதமொதல்ல தனியாப் போன வீடு. ஆரப்பாளையத்துல, ஒங்க சென்டருக்குப் பின்னாடி சந்துல. வீட்டு நம்பர் பத்தொம்பது. ஒங்களுக்கு ஞாபகமிருக்கும், நீங்க வந்திருக்கீங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரே அறை, தகரக் கதவு. நம்பரை நான் கவனித்ததில்லை.

"எம் பேரு மறந்துபோச்சு, மகன் பேரு மறந்துபோச்சு. அந்த வீட்ட மறக்கல பாருங்க. நானும் மொதல்ல சும்மாதான் அமுக்குறாருன்னு நெனச்சேன். ஒருநா, ரெண்டுநா இல்லண்ணே, தெனமும். அல்லா எதையோ ஒண்ண மிச்சம் வச்சிருக்கான்."

நான் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பதுக்கு மேல் அது போகாது. அதற்குப் பிறகு பென் டிரைவில் பிளாப்பி இல்லை. கடைசியில் நின்றுவிடும்படி அமைத்தவன் நான். அந்தக் கடைசி எண்ணில் இருந்தது அவனுக்கு உதவாமல் போன என்னுடைய படங்கள்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கச்சி விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டது. அந்த வீட்டில் குழாயில் தண்ணீர் வராமல் லாட்ஜ் பையனிடம் கெஞ்சிக் குடம் பிடித்தது. வீட்டுக்காரரின் ஆடு உள்ளே புகுந்து இவன் எழுதி வைத்திருந்த பாடத்தை மென்றது. முதல் பெருநாளைக்கு மாமியார் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று தங்கச்சி அடம் பிடிக்க, இவன் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆட்டைப்பற்றிச் சொன்னபோது தோள் குலுங்கச் சிரித்தான். புரிந்து சிரித்தானா, தங்கச்சியின் குரல் சிரித்ததால் சிரித்தானா, எனக்குத் தெரியாது. அவன் கண் மனைவியின் முகத்தை விட்டு நகரவே இல்லை.

நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். "போய்ட்டு வாரேன் தங்கச்சி" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு என் வீட்டில் இன்னும் சில பிளாப்பிகளைச் சுத்தம் செய்து நகல் எடுக்க முடிந்தது. அவற்றில் எங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் உள்ள ஒன்றும் இருந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தால் எண் கூடிவிடும். நான் கொண்டுபோகவே இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மகன் லீவில் வந்தான். நல்ல பையன், அத்தாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்பவன். சின்ன வயதில் அத்தாவின் மடியில் உட்கார்ந்து அந்த மிஷினில் ஒரு கார் விளையாட்டு விளையாடியிருக்கிறான். அத்தாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அதை இணையத்தில் தேடி எடுத்துப் பென் டிரைவில் ஏற்றியிருக்கிறான். எனக்குத் தெரியாது.

மறுநாள் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" குரலில் பழைய கலகலப்பு ஒன்றும் இல்லை.

போனபோது மகன் கடைக்குப் போயிருந்தான். நண்பன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் இருபது என்று இருந்தது.

"நேத்து இருபதுல போயி நிக்கிறாருண்ணே. நான் கீழ கொறச்சு பத்தொம்பதுல வச்சேன். திரும்ப அமுக்கி இருபதுக்குப் போறாரு. எங்களப் பாத்து அதே மாதிரிச் சிரிக்கிறாரு." தங்கச்சி என் முகத்தைப் பார்த்தது. "அது தானா நிக்கிறதாண்ணே?"

"ஆமா தங்கச்சி. கடைசி நம்பர் எதுவோ, அதுல நின்னுரும்."

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அம்புட்டு நாளும் நான் பைத்தியக்காரி மாதிரி பேசிக்கிட்டு இருந்திருக்கேன். நீங்க டீயக் குடிச்சுட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அது கட்டில் பக்கமாகத் திரும்பி நின்றது. அழுகிறதோ என்று நினைத்தேன். அழவில்லை. அவன் காலில் விலகியிருந்த போர்வையைச் சரிசெய்தது. மின்விசிறியை ஒரு சுற்றுக் குறைத்தது. பிறகு திரும்பி வந்து பழைய குரலில், கடைக்காரரிடம் சாமான் சொல்வது போலச் சொன்னது.

"அந்தப் புதுச எடுத்துருங்கண்ணே."

"தங்கச்சி..."

"எடுத்துருங்க. பழையபடி பத்தொம்பதுல நிக்கட்டும். சும்மா உக்காந்து அவருகூடப் பேசுன்னா எனக்குப் பேச வரலண்ணே. வருஷம் பூரா முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். அந்த நம்பர் வந்தாத்தான் வாயி வருது."

எடுத்தேன். என் லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகி, மகன் ஏற்றியதை வேறு இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு அழித்தேன். திரும்பப் பொருத்தியதும் தங்கச்சியே பட்டனை அமுக்கிப் பார்த்தது. பத்தொன்பதுக்கு மேல் இரண்டு மூன்று தடவை அமுக்கி, ஏறவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டது. மகனிடம் இதைப்பற்றி என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. அவன் என்னிடம் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நான் வாரம் தவறாமல் போனேன். பேச்சு தொடர்ந்தது. முன்பு போல அவ்வளவு கலகலப்பாக இல்லை. நடுநடுவே தங்கச்சி நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்க்கும், எதையோ தேடுவது போல. பிறகு பெருமூச்சு விட்டு மறுபடியும் தொடங்கும். ஆரப்பாளையம் வீடு முடிந்து மகன் பிறந்தது, அத்தா காலமானது, கடை என்று அது ஏறக்குறைய முழு வாழ்க்கையையும் அவனிடம் திரும்பச் சொல்லி முடித்துவிட்டது என்று நினைக்கிறேன். சில கதைகளில் நானும் இருந்தேன்.

மார்கழிப் பனியில் அவனுக்குச் சளி பிடித்துக் காய்ச்சலாகி, நெஞ்சில் இறங்கிவிட்டது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. நான் பார்த்தபோது மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லும் அவனிடம் இல்லை.

மகன் விமானம் பிடித்து வந்து சேர்ந்த பிறகு அடக்கம் செய்தோம். அவனைக் கிடத்தியிருந்த சந்தூக்கைத் தூக்கும்போது அவன் சொந்தக்காரர்கள் எனக்கு இடம் விட்டார்கள். ஒரு பெரியவர் என் தோளில் கை வைத்து, "நீங்களும் பிடிங்க" என்றார். பழைய நகரத்துச் சந்துகளில் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். வளையல் கடைக்காரர் கொஞ்ச தூரம் கூட வந்தார். கபரஸ்தானில் எல்லாரும் மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். மண் ஈரமாக இருந்தது, கையில் ஒட்டிக்கொண்டது. எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான காலம். கணவனை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் இத்தா இருக்க வேண்டும். வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. எனக்கு அது தெரிந்த வழக்கம்தான், அவன் வீட்டிலேயே முன்பு பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவனைப்பற்றி நான் பேசக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டுக்குள் இருந்தது. நான் கே.கே. நகரில் என் வீட்டு மாடியில் இருந்தேன். மகன் ஒரு மாதம் கழித்துத் துபாய் போய்விட்டான். இரண்டு மூன்று தடவை அந்தத் தெரு வரைக்கும் வண்டியில் போய், திருப்பத்தில் நின்று, திரும்பிவிட்டேன். என் மனைவியைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். போய் வந்து, "இளைச்சுப்போச்சு. மிஷின் பக்கத்துலதான் பாய விரிச்சுப் படுத்திருக்கு. ஆனா போடுறதில்லையாம்" என்றாள்.

இத்தா முடிந்த வாரம் தங்கச்சியே போன் செய்தது. இளையான்குடியில் தங்கை வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னது. மகன் துபாய்க்குக் கூப்பிட்டானாம், முடியாது என்றுவிட்டதாம். "வீட்டக் காலி பண்றேண்ணே. மிஷின நீங்க எடுத்துட்டுப் போயிருங்க. ஒங்களவிட்டா அதுக்கு யாரு."

ஒரு சின்ன லோடு வண்டி பிடித்துப் போனேன். வீடு பாதி காலியாகக் கிடந்தது. தங்கச்சி வெள்ளைச் சேலையில் கதவு ஓரமாக நின்றது. நான் திரையையும் கீபோர்டையும் போர்வையில் சுற்றினேன். மிஷினைத் தூக்கப் போனபோது, "கொஞ்சம் இருங்கண்ணே" என்றது. கிட்ட வந்து, பெட்டியில் செருகியிருந்த பென் டிரைவை உருவி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது. கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்தும் பீரோச் சாவியும் இருந்தன. அவற்றோடு அதையும் கோத்து, சேலைக்குள் போட்டுக்கொண்டது. இளையான்குடியில் அதைச் செருக ஒரு மிஷினும் கிடையாது.

இரண்டு நாள் கழித்து மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட நானும் என் மனைவியும் போனோம். பூ மார்க்கெட்டிலிருந்து வரும் கூடைகள் மேலே இடித்துவிடாமல் என் மனைவி தங்கச்சி கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்ததும் தங்கச்சி என்னைப் பார்த்து, "ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே, பிரஷர் மாத்திரைய விட்டுறாதீங்க" என்றது. அவன் மாத்திரையை விட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பஸ் கிளம்பியது.

மிஷின் இப்போது என் அறையில் இருக்கிறது. இதுவரை நான் அதைப் போடவில்லை. என் மனைவி துணிகளை மடித்து அதன்மேல் அடுக்குவதை நான் தடுப்பதும் இல்லை.

தங்கச்சி மாதத்துக்கு ஒருமுறை போன் செய்யும். அவனைப்பற்றி நாங்கள் பேசுவதில்லை. அங்கே கண்மாயில் தண்ணீர் இல்லை, முழங்கால் வலிக்கிறது, தங்கை பேரனுக்கு சுன்னத் வைத்திருக்கிறார்கள், இப்படி. போன தடவை என் மகளின் பேங்க் பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டது. இன்னும் வரவில்லை என்றேன். "துஆ செய்றேன்" என்றது. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"வச்சுரட்டுமாண்ணே?"

"சரி தங்கச்சி" என்றேன்.